குலுங்காத வண்டியும் யாழ்ப்பாணத்து ஒழுங்கையும்

ரொறன்ரோவில் வாழும் என் பள்ளித் தோழர் ஒருவர் சென்ற மாதம் ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதியிருந்தார். ஓய்வு பெறப் போகிறார். கரவெட்டியில் தாயாரின் பழைய வீட்டைத் திருத்தி, வருடத்தில் ஆறு மாதமாவது ஊரில் இருக்க விரும்புகிறார். இதுவரை எல்லாம் நல்ல செய்திதான். அடுத்த பந்தியில்தான் விடயத்துக்கு வந்தார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி முதலாம் திகதி தொடக்கம் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டுவிட்டதல்லவா? ஊரில் ஓடுவதற்கு ஒரு நல்ல வண்டி வாங்க வேண்டும், தாயாருக்குத் தொண்ணூறை அண்டிய வயது, முதுகெலும்பு பலவீனம், குலுக்கமே கூடாது. மேர்சிடிஸ், ரேஞ்ச் ரோவர், அவுடி, போர்ஷே ஆகியவற்றின் “அக்டிவ் சஸ்பென்சன்” எனப்படும் செயற்படு தாங்கமைப்புகளில் எது சிறந்தது? உயரமான ஜீப் வகை நல்லதா, தாழ்ந்த கார் நல்லதா? “நீ பத்திரிகைக்காரன். விசாரித்துச் சொல்” என்று முடித்திருந்தார்.

நான் கலைப்பீடத்தில் படித்தவன். பொறியியல் எனக்குத் தொழில் அல்ல. எனினும் முப்பது வருடத்துக்கு மேலாக இந்தக் குடாநாட்டின் வீதிகளில் சைக்கிளிலும் தட்டி வானிலும் லொறியின் பின்பெட்டியிலும் செய்தி தேடி அலைந்தவன் என்ற வகையில், குலுக்கம் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு. நண்பருக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. அவரைப்போல் யோசிப்பவர்கள் லண்டனிலும் ஒஸ்லோவிலும் சிட்னியிலும் பலர் இருப்பதை அறிவேன். ஆதலால் அதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. வண்டியின் சில்லு வீதியின் மேடுபள்ளத்தைத் தொடர்ந்து செல்ல வேண்டும். வண்டியின் உடல் அதைத் தொடரக் கூடாது. இரண்டுக்கும் இடையில் நிற்பது வில். வில் அதிர்ச்சியை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கும், அழிக்காது. அழிப்பது நாங்கள் “சொக் அப்சோபர்” என்று சொல்லும் எண்ணெய்க் குழாய். அசைவை வெப்பமாக்கி வெளியே விடுவதே அதன் வேலை. வில் மெதுவாக இருந்தால் பயணம் சுகமாக இருக்கும். ஆனால் வளைவில் வண்டி சாயும், பிரேக் பிடித்தால் மூக்குக் குத்தும். வில் கடினமாக இருந்தால் வண்டி நிமிர்ந்து நிற்கும். உள்ளே இருப்பவரின் எலும்புகள் கணக்குச் சொல்லும். மனித உடலை மேலும் கீழுமாக அசைக்கும்போது அது மிகவும் வெறுப்பது செக்கனுக்கு நான்கு முதல் எட்டுத் தடவை வரையான அதிர்வையே. குடலும் முதுகும் சேர்ந்து ஆடுகின்ற எல்லை அது. நல்ல வண்டியின் உடல் செக்கனுக்கு ஒன்று, ஒன்றரைத் தடவைக்கு மேல் ஆடாதபடி வில்லை அமைப்பார்கள். தொட்டில் ஆட்டும் வேகமும் கிட்டத்தட்ட அதுதான்.

சுகத்துக்கும் நிலைக்கும் இடையிலான இந்தப் பிணக்கைத் தீர்க்கும் முயற்சியே கடந்த எழுபது வருட வரலாறு. 1955இல் பாரிஸ் கண்காட்சியில் பிரான்சின் சித்ரோன் நிறுவனம் டீ.எஸ். என்ற காரை வெளியிட்டது. அதில் உலோக வில்லே இல்லை. போல் மாஜேஸ் என்ற பொறியியலாளர், ஒவ்வொரு சில்லுக்கும் ஓர் உருண்டைக் கலத்தில் நைதரசன் வாயுவை அடைத்து, எண்ணெய் அழுத்தத்தால் அதை வில்லாக்கினார். 1962 ஓகஸ்ட்டில் பாரிஸ் புறநகரில் ஜனாதிபதி டி கோல் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது, ரயர்கள் வெடித்த நிலையிலும் அந்த டீ.எஸ். அவரை உயிருடன் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தக் காருக்கு இதைவிடச் சிறந்த விளம்பரம் பிறகு கிடைக்கவில்லை.

1974இல் அமெரிக்கப் பேராசிரியர் டீன் கார்னொப்பும் சகாக்களும் ஒரு விசித்திரமான கருத்தை முன்வைத்தார்கள். வண்டியின் உடலை வீதியோடு இணைக்காமல் வானத்தில் ஒரு கொளுக்கி போட்டு அதில் தொங்கவிட்டால் எப்படி இருக்கும்? அப்படிக் கொளுக்கி கிடையாது. ஆனால் அப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு விசை கொடுக்குமோ, அதைக் கணக்கிட்டு எண்ணெய்க் குழாயின் வாயிலைத் திறந்து மூடலாம். இன்று நடுத்தர விலைக் கார்களிலும் வரும் “தகவமைக்கும் சொக் அப்சோபர்”களுக்கு அடித்தளம் இந்தக் கொளுக்கிதான். இது பாதிச் செயற்பாடு. அசைவைத் தடுக்க முடியும். தானாக வண்டியைத் தூக்க முடியாது. முழுச் செயற்பாடு என்றால் பம்பு அல்லது மோட்டார் ஒன்று சில்லைத் தள்ளவும் இழுக்கவும் வேண்டும். அதற்குச் சக்தி வேண்டும், பணமும் வேண்டும்.

பந்தயக்காரர்களிடம் இரண்டும் இருந்தன. லோட்டஸ் அணி 1983இலேயே இதைப் பந்தயத் திடலில் பரீட்சித்தது. 1992இல் நைஜல் மான்செல் வில்லியம்ஸ் காரில் உலகக் கிண்ணத்தை அள்ளிச் சென்றபோது அதன் கீழே இருந்தது செயற்படு தாங்கமைப்பு. மற்றவர்கள் எட்ட முடியாத நிலை வந்ததும் 1994 முதல் அதைத் தடைசெய்தார்கள். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலைப் போராளி ஒருவரின் மகனான அமர் போஸ், ஒலிபெருக்கியில் சம்பாதித்த பணத்தைப் பல வருடம் இதில் செலவிட்டு, மின்காந்த மோட்டார்களில் நிற்கும் ஒரு காரை 2004இல் காட்டினார். வேகத்தடை மீது அது தட்டுத்தடங்கல் இன்றிச் சென்ற காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பாரமும் விலையும் அதைச் சந்தைக்கு வரவிடவில்லை. 2017இல் அந்தத் தொழில்நுட்பம் கிளியர்மோஷன் என்ற நிறுவனத்துக்குக் கைமாறியது. இன்று சீனத்து நியோ ஈ.ரீ. 9 காரில் கிளியர்மோஷனின் அமைப்பு வேலை செய்கிறது.

இனி நண்பர் கேட்ட பெயர்களுக்கு வருவோம்.

மேர்சிடிஸ் 1999இல் சீ.எல். காரில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் முழுச் செயற்பாட்டைக் கொண்டுவந்தது. அந்த எண்ணெயின் அழுத்தம் சுமார் இருநூறு பார். உங்கள் கார் ரயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல். நூறு மடங்கு அழுத்தத்தை எத்தனை குழாய்ப் பொருத்துகள் எத்தனை வருடம் தாங்கும் என்பதைப் பழைய சீ.எல். வைத்திருப்பவர்களிடம் கேட்க வேண்டும். 2013இல் எஸ் வகுப்பில் கண்ணாடிக்குப் பின்னால் இரட்டைக் கமரா வைத்து, பதினைந்து மீற்றர் முன்னால் வரும் மேட்டைப் பார்த்தே சில்லைத் தயார்ப்படுத்தினார்கள். பின்னர் ஜீ.எல்.ஈ. என்ற உயர வண்டியில் 48 வோல்ற் மின்சாரத்தோடு, காற்று வில்லையும் சேர்த்து அதை வளர்த்தார்கள். மணலில் புதைந்தால் வண்டி தானே மேலும் கீழும் குதித்து வெளிவரும் வசதியும் அதில் உண்டு. மணற்காட்டுப் பக்கம் போனால் அது வேடிக்கையாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவுடி ஏ8 காரில் எண்ணெய் இல்லை. ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு மின்மோட்டார். அது பற்சக்கரத்தின் ஊடாக 1,100 நியூட்டன் மீற்றர் வரை முறுக்கித் தூக்கும். கதவைத் திறந்தால் வண்டி ஐந்து சென்ரிமீற்றர் எழும்பி நிற்கும். முழங்கால் நோவுள்ளவருக்கு இது உண்மையிலேயே உதவி. பக்கவாட்டில் மோதல் வரப்போவதை உணர்ந்தால், அரைச் செக்கனுக்குள் அந்தப் பக்கத்தை எட்டு சென்ரிமீற்றர் உயர்த்தி, அடியை உறுதியான அடித்தட்டில் வாங்கும். இந்தப் பட்டியலில் உயிர் காக்கும் அம்சம் என்று நான் மதிப்பது இது ஒன்றைத்தான். போர்ஷே தன் புதிய பனமேராவின் பற்றரியும் பெற்றோலும் கலந்த வகைகளில் ஒவ்வொரு சில்லுக்கும் மின்பம்பு ஒன்றை வைத்து, 400 வோல்ற்றில் இயக்குகிறது. வளைவில் மோட்டார் சைக்கிள்காரன் சாய்வதுபோல உள்நோக்கிச் சாயும். பிரேக் பிடித்தால் மூக்குக் குத்தாது. அழகு, வேகம், நுணுக்கம் என்று பார்த்தால் இன்று முதலிடம் இதற்கே என்பது என் எண்ணம்.

ரேஞ்ச் ரோவர் வேறு பாதையில் வருகிறது. 1990களின் தொடக்கத்திலேயே காற்று வில்லை உயர வண்டிக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். 2021இல் அறிமுகமான புதிய வண்டியில் காற்று வில்லோடு, வளைவில் சாய்வைத் தடுக்கும் 48 வோல்ற் மோட்டார்களும் உண்டு. விசை 1,400 நியூட்டன் மீற்றர் வரை. வழிகாட்டி வரைபடத்தைப் படித்து, வளைவு வருமுன்னரே தயாராகும். பி.எம்.டபிள்யூ. 2015இல் ஏழாம் வரிசைக் காரில் இதே வகைச் சாய்வுத் தடுப்பைக் கொண்டுவந்தது. ரொயோட்டா லாண்ட் குரூசரில் இருப்பது கணினி குறைந்த, எண்ணெய்க் குழாயால் முன் பின் தண்டுகளை இணைக்கும் ஏற்பாடு. நல்ல வீதியில் தண்டை இறுக்கும், கரடுமுரடில் தளர்த்திவிடும். சொகுசில் இது கடைசி வரிசை, ஆயுளில் முன்வரிசை.

ஜீப்பா காரா என்ற கேள்விக்கு என் பதில் சிலருக்குப் பிடிக்காது. ரேஞ்ச் ரோவர் இரண்டரைத் தொன் அளவில் எடை கொண்ட, உயரமான பெட்டி. உயரத்தில் இருக்கும் பாரம் வளைவில் வெளியே சாயும், அது இயற்கை. அந்தச் சாய்வை அடக்க 1,400 நியூட்டன் மீற்றர் விசை வேண்டும். அதற்கு 48 வோல்ற் மின்சாரமும் கூடுதல் பற்றரியும் தேவை. அவை இன்னும் எடையைக் கூட்டும். தானே உண்டாக்கிய நோய்க்குத் தானே மருந்து குடிக்கிற வண்டி அது. தாழ்ந்த காருக்கு அந்த நோயே அரைவாசிதான். நல்ல காற்று வில்லும் தகவமைக்கும் சொக் அப்சோபரும் உள்ள ஒரு சாதாரண எஸ் வகுப்போ ஏழாம் வரிசையோ, முழுச் செயற்பாடு இல்லாமலே, உயர வண்டி அவ்வளவு பாடுபட்டு அடையும் சுகத்தைச் சும்மா தந்துவிடும். ரொறன்ரோவில் வாங்குவதானால் காரை வாங்குங்கள். பனி நாட்களுக்கு நான்கு சில்லு இழுவை உள்ளதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே அந்த விவாதம் முடிந்தது.

யாழ்ப்பாணத்தில் விவாதம் அங்கேதான் தொடங்குகிறது.

போர் முடிந்த பின்னர் ஏ9 வீதியும் பலாலி வீதியும் காங்கேசன்துறை வீதியும் பருத்தித்துறை வீதியும் “காப்பெட்” விரித்ததுபோல் ஆகிவிட்டன. 1990களில் பள்ளத்துக்குள் வீதியைத் தேடியவர்களுக்கு அது கனவுபோலத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் ஊருக்குள் 50 கிலோமீற்றர், வெளியே 70 கிலோமீற்றர் என்பதே காருக்குரிய சட்ட வேகம். வடக்குக்கு இன்னும் அதிவேகப் பாதை வந்து சேரவில்லை. ஜேர்மனியில் 200 கிலோமீற்றரில் வளைவு எடுப்பதற்காக வடிவமைத்த மோட்டார்களுக்கு வல்லை வெளியில் என்ன வேலை? குடாநாடு முழுவதும் சமதரை. மலையும் இல்லை, கொண்டை ஊசி வளைவும் இல்லை. பெருவீதியில் குலுக்கமே இல்லாதபோது அதைத் தடுக்க ஒரு கணினி எதற்கு? குலுக்கம் இருப்பது கடைசி ஐந்நூறு மீற்றரில்: சுண்ணாம்புக் கல் தலைநீட்டும் ஒழுங்கையில், மழைக்குப் பின் அரித்துப்போன மதவடியில், வீட்டுக்காரர் தாமே கட்டிய, அளவும் நிறமும் இல்லாத வேகத்தடையில். அங்கே எல்லா வண்டியும் மாட்டு வண்டியின் வேகத்தில்தான் போக முடியும்.

அத்தோடு ரயர். இந்தப் புதிய சொகுசு வண்டிகள் 21, 22 அங்குலச் சில்லில் வருகின்றன. சில்லு பெருத்ததால் ரப்பர் மெலிந்து, வளையல் போட்டதுபோல் இருக்கிறது. ரயருக்குள் இருக்கும் காற்றுத்தான் உலகத்தின் முதலாவது காற்று வில். மிகவும் மலிவானதும் அதுவே. அதைத் தோற்றத்துக்காகச் சுருக்கிவிட்டு, இழந்த சுகத்தைப் பெருந்தொகை கொடுத்து மோட்டாரில் வாங்குகிறோம். கூரான சுண்ணாம்புக் கல்லில் அடிபட்டால் அந்த மெல்லிய ரப்பர் கிழிவது மட்டுமல்ல, சில்லின் விளிம்பே நெளியும்.

எனக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் சில வருடங்களுக்கு முன், பெயர் வேண்டாம், ஒரு புகழ்பெற்ற கம்பனியின் காற்று வில் கொண்ட உயர வண்டியைக் கொழும்பில் வாங்கி வந்தார். ஊரே வந்து பார்த்தது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒருநாள் காலையில் எழும்பிப் பார்த்தால், முற்றத்தில் வண்டி முன்னங்காலை மடித்துப் படுத்த மாடுபோலக் கிடந்தது. ரப்பர்ப் பையில் மயிரிழை அளவு வெடிப்பு. உப்புக் காற்றும் வெயிலும் வெள்ளைத் தூசியும் ரப்பருக்கு நண்பர்கள் அல்லவே. காற்றுக் கசிய, அதை நிரப்ப இரவு பகலாக ஓடிய கொம்பிரசரும் எரிந்துபோயிற்று. அனுபவமுள்ள கராஜ்காரர் ஒருவர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, “ஐயா, இது கம்பியூட்டர் படிச்ச பிள்ளையளின்ரை வேலை. எங்கட சாவி இதுக்குப் பொருந்தாது” என்றார். பார ஊர்தியில் ஏற்றி நானூறு கிலோமீற்றர் தள்ளிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பாகம் கப்பலில் வந்து சேரும் வரை மூன்று மாதம், அந்த வீட்டுப் பிள்ளைகள் ஓட்டோவில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். வண்டியைக் குற்றம் சொல்ல மாட்டேன். அது செய்யப்பட்ட இடம் வேறு, வந்து சேர்ந்த இடம் வேறு.

மறுபக்கத்தைப் பாருங்கள். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டு, பெற்றோல் தடைசெய்யப்பட்டபோது இந்தக் குடாநாட்டில் ஓடியவை ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகிய ஆங்கிலேயக் கிழங்கள். துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பின்னால் வெள்ளைப் புகை. மூக்கில் குப்பி விளக்கு மணம். ஒஸ்ரினுக்கு முன்னால் சுருள் வில், பின்னால் தகட்டு வில். மொறிஸ் மைனருக்கு முன்னால் முறுக்குத் தண்டு. எடையோ முக்கால் தொன்னுக்குச் சற்று மேல். தகடு முறிந்தால் லொறித் தகட்டை வெட்டிக் கொல்லன் உலையில் காய்ச்சி வளைத்துப் போடுவார்கள். ரப்பர்ப் பூண் தேய்ந்தால் பழைய ரயரில் ஒரு துண்டு. உதிரிப்பாகம் ஒன்றும் தாண்டிக்குளம் தாண்டி வராத காலம் அது.

1993இல் என் தாயார் கிணற்றடியில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். கரவெட்டிப் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு முப்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. செஞ்சிலுவைக் கொடியின் கீழ் அது இயங்கிக்கொண்டிருந்த காலம். ஊரில் கிடைத்தது ஒரு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். வண்டிக்காரர் உடனே புறப்படவில்லை. முதலில் இரண்டு மூட்டை மணலை டிக்கியில் ஏற்றினார். எனக்குக் கோபம் வந்தது. இந்த நேரத்தில் மணல் ஏற்றுகிறாரே என்று. “தம்பி, வெறும் வண்டியெண்டால் வில்லு உதறும். பாரம் இருந்தால்தான் அமத்திப் போகும்” என்றார். பிறகு நான்கு ரயரிலும் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டார். பின் ஆசனத்தில் வைக்கோல் பரப்பி அதன்மேல் பாய். வல்லை வெளி, ஆவரங்கால், புத்தூர், நீர்வேலி, கோப்பாய் என்று இரண்டரை மணித்தியாலம். ஒவ்வொரு பள்ளத்தையும் அவர் முன்கூட்டியே அறிந்திருந்தார். சில இடத்தில் வீதியை விட்டு இறங்கி, பனையடி மண்ணில் ஓட்டினார். “இப்ப ஒருக்கா வரும், அம்மா, பல்லைக் கடியுங்கோ” என்று சொல்லிச் சொல்லியே கொண்டுவந்து சேர்த்தார். அம்மா அதன்பின் பதினொரு வருடம் நடமாடினார்.

அந்த வண்டிக்காரர் செய்தது என்னவென்று இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. தகட்டு வில்லை முழுப் பாரத்துக்கென்று அமைத்திருப்பார்கள். வெறுமையாக ஓடும்போது அது தேவைக்கு மேல் கடினமாக இருக்கும். அதிர்வு வேகம் கூடி, உடல் வெறுக்கும் எல்லையை நோக்கிப் போகும். பாரம் ஏற்றினால் அது மெதுவாகும். மணல் மூட்டையின் இயற்பியல் இவ்வளவுதான். அவர் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர்.

இங்கேதான் நான் நண்பரின் கேள்வியை விட்டு விலகி என் கேள்விக்கு வருகிறேன். காற்று வில்லின் உண்மையான பெருமை சொகுசில் இல்லை. பாரம் கூடினால் அதன் கடினம் கூடும், குறைந்தால் குறையும். ஒருவர் இருந்தாலும் ஐம்பது பேர் இருந்தாலும் அதிர்வு வேகம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அதாவது, பாரம் நாளெல்லாம் மாறிக்கொண்டேயிருக்கும் வண்டிக்கு என்றே பிறந்த வில் அது. அப்படிப்பட்ட வண்டி எது? பேருந்து. அம்புலன்ஸ். அமெரிக்காவில் 1950களிலேயே தூரப் பயணப் பேருந்துகளுக்குக் காற்று வில் வந்துவிட்டது. அதற்குக் கமராவும் வேண்டாம், 48 வோல்ற்றும் வேண்டாம். உயரத்தைச் சரிசெய்யும் ஒரு வால்வும், பிரேக்குக்கென்று பேருந்தில் ஏற்கனவே இருக்கும் கொம்பிரசரும் போதும். நம் இ.போ.ச. பேருந்துகளும் தனியார் பேருந்துகளும் பெரும்பாலும் இன்னும் லொறி அடிச்சட்டத்தின் மீது தகட்டு வில்லில்தான் உருள்கின்றன. பருத்தித்துறை வண்டியின் கடைசி ஆசனத்தில், சனம் இறங்கிய பிறகு, கர்ப்பிணி ஒருத்தி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு மணல் மூட்டை ஏற்றுவார் இல்லை.

2018 ஜூலை 21ஆம் திகதி, இந்திய நன்கொடையில் உருவான “1990 சுவசெரிய” அம்புலன்ஸ் சேவை யாழ்ப்பாணத்தில் தொடக்கி வைக்கப்பட்டது. இந்த நாட்டில் அண்மைக் காலத்தில் நடந்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. தொலைபேசியில் அழைத்தால் வருகிறது, காசு கேட்பதில்லை. ஆனால் இந்த நாட்டில் அம்புலன்ஸ் பற்றிய பேச்செல்லாம் எத்தனை, எவ்வளவு விரைவில் என்பதோடு நின்றுவிடுகிறது. உள்ளே படுத்திருப்பவரின் முறிந்த எலும்பு எத்தனை தடவை உரசியது என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டு நான் செய்தி எழுதியதில்லை. சாமான் ஏற்றும் வானின் அடிச்சட்டத்தில் ஒரு படுக்கையும் ஒரு நோயாளியும் என்றால், அது வெறும் வண்டிக்குச் சமம். வில் உதறும். பின் அச்சுக்குக் காற்று வில், அல்லது படுக்கைக்குக் கீழே அதிர்வு தாங்கி, இரண்டும் உலகில் புதியவை அல்ல. ஒரு முழுச் செயற்படு வண்டிக்குக் கொடுக்கும் மேலதிக விலையில், வரியையும் சேர்த்துப் பார்த்தால், எத்தனை அம்புலன்ஸ்களின் பின் அச்சை மாற்றலாம் என்று கேள்விப்பத்திரம் எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது கணக்குப் போடட்டும்.

இப்படிச் சொல்வதால் செல்வம் உள்ளவர் சொகுசு வண்டி வாங்கக் கூடாது என்று நான் வாதிடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பனிக்குள் முப்பத்தைந்து வருடம் இரட்டை வேலை செய்தவர், தன் தாயாரைப் பூப்போலக் கொண்டுபோக விரும்புவதில் என்ன பிழை? கார் தேர்வில் பொறாமையைக் கலக்கக் கூடாது. ஆனால் ஊர்ச் சங்கங்கள் வெளிநாட்டில் கூட்டம் வைத்துக் கோபுரத்துக்கும் தேருக்கும் நிதி சேர்க்கும்போது, தம் ஊர் வைத்தியசாலையின் அம்புலன்ஸுக்குக் கீழே குனிந்து ஒருமுறை பார்த்தால் நன்று. அமைச்சின் அனுமதி, வாகனப் பதிவு, காப்புறுதி என்று வில்லங்கங்கள் வரும். தேர்முட்டி கட்டுவதற்கும் வில்லங்கங்கள் வரத்தான் செய்தன, தீர்த்துக்கொண்டார்கள்.

நண்பருக்கு நான் எழுதிய பரிந்துரை இதுதான். முழுச் செயற்படு அமைப்பு எதுவும் வேண்டாம். காற்று வில்லும் யாழ்ப்பாணத்துக்கு வேண்டாம். உலோகச் சுருள் வில், சாதாரண அல்லது தகவமைக்கும் சொக் அப்சோபர், 17 அங்குலத்துக்கு மேற்படாத சில்லு, தடித்த ரயர், இங்குள்ள கராஜ்காரர் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒரு யப்பான் வண்டி. தாயார் ஏறி இறங்க ஆசனத்தின் உயரம் அவருடைய இடுப்பளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று முதலில் அளந்து பார்க்கவும். அவுடி ஐந்து சென்ரிமீற்றர் எழும்புவதை இப்படியும் பெறலாம். மிச்சப்படும் பணத்தில் தாயார் வீட்டு ஒழுங்கையின் ஐந்நூறு மீற்றரையும் பிரதேச சபையோடு பேசிச் சீர்செய்ய முடியுமானால், அதனால் பக்கத்து வீட்டுச் சைக்கிளுக்கும் தபால்காரருக்கும் நடுச்சாமத்தில் வரும் அம்புலன்ஸுக்கும் சேர்த்தே குலுக்கம் குறையும்.

பதில் இரண்டே வரியில் வந்தது. ஒழுங்கையின் அகலம் எவ்வளவு, மதவு எத்தனை என்று அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவுடன் கரவெட்டிக்குப் போகிறேன்.